பழைய பைக்குக்கு மினரல் ஆயிலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறலாமா?

கேள்வி: 2016 மாடல் 150 சிசி பைக். இதுவரை சாதா மினரல் ஆயில்தான் ஊற்றியிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றலாமா? சீல் லீக் ஆகும், கிளட்ச் வழுக்கும், அப்புறம் மினரலுக்குத் திரும்பவே முடியாது என்கிறார்களே?

பதில்:

மாறலாம். மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது; சிந்தெடிக் என்பது ரசாயன முறையில் சீராகச் செய்வது. உங்கள் ஓட்டத்துக்கு மாறுவது நல்லதும்கூட. ஆனால் டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் போய்வரும் 100 சிசி வண்டிக்காரர் இதையே கேட்டால், "எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு?" என்றுதான் சொல்வேன். பாளையங்கோட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொல்லலாமா என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் கிளட்ச். காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினோடு சரி. நம் பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்துகொண்டேதான் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். மைலேஜ் கூடட்டும் என்று மெல்லிய கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கார் சிந்தெடிக்கை ஊற்றிவிட்டுப் பழியை சிந்தெடிக் மேல் போட்டவர்கள் கிளப்பிய பேச்சு இது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஜப்பானில் 1998-ல் இதற்கென்றே கொண்டுவந்த தரம் அது. அது இருந்தால் மினரலோ சிந்தெடிக்கோ, கிளட்சுக்குப் பயமில்லை. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு; எடுக்காதீர்கள்.

சிந்தெடிக் விளம்பரங்களில் முதலில் சொல்வது, கடுங்குளிரிலும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும் என்பது. மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. நமக்கு வேண்டியது வெயில் பக்கத்து லாபம். அக்னி நட்சத்திரத்தில், காற்றை மட்டுமே நம்பிக் குளிரும் எஞ்சினை வைத்துக்கொண்டு ஆலங்குளம் தாண்டி ஒரே வேகத்தில் போகிறீர்கள். அப்புறம் பாவூர்சத்திரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் காற்றில்லாமல் நிற்கிறீர்கள். அந்தச் சூட்டில் மினரல் ஆயிலின் லேசான பகுதி ஆவியாகி அளவு குறையும், மிச்சம் சீக்கிரம் கெட்டுப்போகும். சிந்தெடிக்கில் இரண்டுமே குறைவு.

இன்னொரு சங்கதி கியர். சூடானாலும் ஆயில் ரொம்ப இளகிவிடாமல் இருக்க மினரலில் பாலிமர் சேர்ப்பார்கள். கியர் பற்கள் அந்தப் பாலிமரை அரைத்து அரைத்து வெட்டிவிடும், ஆயில் தண்ணியாகிவிடும். ஆயில் மாற்றிய புதிதில் வெண்ணெய் மாதிரி விழுந்த கியர், 2,000 கிலோமீட்டர் தாண்டினதும் 'டக் டக்' என்று விழுவதற்கு இது ஒரு காரணம். சிந்தெடிக்குக்கு இயல்பிலேயே சூடு தாங்கும் குணம் கூடுதல், பாலிமர் அவ்வளவு தேவைப்படாது. சிந்தெடிக்குக்கு மாறியவர்களில் பலர் முதலில் வந்து சொல்வது கியர் பற்றித்தான், மைலேஜ் பற்றி இல்லை.

சீல், அதாவது எஞ்சினிலிருந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், அந்த விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. இந்தக் காலத்து சிந்தெடிக் சீல் ரப்பரைக் கெடுப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் இறுகிப்போன சீலைச் சுற்றி அழுக்கு அடைத்துக்கொண்டு கசிவை மறைத்திருக்கும். புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவினதும் கசிவு வெளியே தெரியும். ஏற்கெனவே செத்த சீல் அது, மாற்றிவிடுங்கள்.

மினரலுக்குத் திரும்ப முடியாது என்பது சும்மா. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், அடியில் கொஞ்சம் பழையது தங்கினாலும் ஒன்றும் ஆகாது. மாற்றும் முன் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுகிறேன் என்று மெக்கானிக் ஆரம்பித்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றி நன்றாக வடிய விட்டாலே போதும்.

கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதுதான். 20டபிள்யூ-50 போட்டிருந்தால் அதே கிரேடில் சிந்தெடிக் தேடுங்கள். எஸ்டர் என்ற ஒருவகை சிந்தெடிக் எண்ணெய் போட்ட உயர்ந்த ரகம் எல்லாம் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு.

இப்போது காசு. மினரலைப்போல இரண்டு மடங்கு, சில பிராண்டில் அதற்கும் மேல். டவுன் வண்டிக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அவருக்கு அந்தக் காசு வீண். 100 சிசி வண்டிகள் பலவற்றில் பேப்பர் ஃபில்டரும் கிடையாது, வலையும் சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். சிந்தெடிக் என்பதற்காக அழுக்கு அதில் குறைவாகச் சேராது. உங்கள் கதை வேறு. போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், மாதம் 2,500 தாண்டிவிடும். கையேட்டில் சொன்ன தூரம் வரை நம்பி ஓட்டலாம் என்பதுதான் உங்களுக்கு லாபம். அதைவிட்டுப் பழைய பழக்கத்தில் மாதாமாதம் வடித்தால் மினரலே போதும்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலில் ஓட்டினால் ஏர் ஃபில்டரை முதலில் கவனியுங்கள். அந்தச் செம்மண் தூசியை எந்த ஆயிலாலும் தடுக்க முடியாது.

வாங்கும்போது சீல் உடையாத டப்பாவா என்று பாருங்கள். காலி டப்பாவை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராமல் ஓட்டை போட்டுவிடுங்கள். பழைய ஆயிலைத் திரும்ப நிரப்பி விற்பவர்களுக்கு அந்த டப்பா வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய முதல் மாதம் வாரம் ஒருமுறை வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். கீழே ஒரு சொட்டும் இல்லாமல் அளவு மட்டும் குறைந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. அந்த வேலையை முடிக்கும்வரை மினரலே ஊற்றுங்கள்.