தெளிந்த பிறகு வடியுங்கள்

எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர்தான். வடிகட்டி பத்தே நாளில் அடைத்துக்கொள்கிறது. இன்னும் நுண்ணியதாக வாங்கலாமா? நான் மென்பொருள் எழுதுபவன், அந்தக் கணக்கில் சொன்னாலும் சரி. (சோழிங்கநல்லூர்)

வாங்குங்கள், ஐந்தே நாளில் அடைக்கும்! லாரி கிளம்பியதும் மோட்டாரைப் போடுகிறீர்கள் அல்லவா? அங்கேதான் கோளாறு. மேலிருந்து கொட்டும் தண்ணீர், தொட்டியின் அடியில் கிடக்கும் சேற்றையும் கிளப்பிவிடும். அது மறுபடி படியும்படி மூன்று, நான்கு மணி நேரம் அசையாமல் விடுங்கள். உறிஞ்சு குழாயின் வாய் தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்கட்டும். உங்கள் கணக்கில் சொன்னால், கோப்பின் அளவைப் பார்த்தே தள்ளிவிடக்கூடியதை, வரிவரியாகப் படித்துச் சோதிக்கும் நிரலிடம் நீங்கள் அனுப்புவீர்களா? படிய வைப்பதற்கு நேரமும் இடமும் போதும், காசு அதிகம் ஆகாது. வடிகட்டுவதற்கு அழுத்தமும் வேண்டும், கழுவ ஆளும் வேண்டும்.

நிரலில் நாங்கள் எழுதும் ‘ஃபில்டரும்’ மணல் வடிகட்டியும் ஒன்றுதானே? (தரமணி)

பெயர்தான் ஒன்று. உங்களுடையது ஒவ்வொன்றாகப் பார்த்து ‘ஆம், இல்லை’ என்று சொல்லிவிட்டு மறந்துவிடும். மணல் மறப்பதில்லை. பிடித்த அழுக்கே அதன்மேல் ஒரு படலமாகி, முன்பு நழுவிப்போன நுண்துகளையும் பிடிக்கத் தொடங்கும். அதாவது, அழுக்காக ஆக நன்றாக வடிக்கும், ஓட்டம் மட்டும் குறைந்துகொண்டே வரும். கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் தொடங்கிய நீரேற்று நிலையத்தின் மெது மணல் வடிகட்டிகள் இந்த வகைதான். அந்த வகையில் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலமே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அதைப் பளபளவென்று சுரண்டிவிட்டால், மறுபடி வளரும்வரை தண்ணீரின் தரம் குறைந்தே இருக்கும்.

துகள் படிவதைக் கணினியில் போலச்செய்து பார்க்கிறேன். அளவு பாதியானால் நேரம் இரட்டிப்பா? (வேளச்சேரி)

நான்கு மடங்கு. இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதிப்படி, விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 0.01 மி.மீ. வண்டல் துகள் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 3 மணி நேரம். 0.001 மி.மீ. களிமண்ணுக்கு 12 நாளுக்கு மேல்! அதுவும் தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால். களித்துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதும் உண்டு. படிகாரம் போடுவது அவற்றைச் சேர்த்துத் திரளாக்கத்தான். கிராமத்துப் பாட்டி பானையின் உள்ளே தேற்றான் கொட்டையை உரைத்ததும் அதற்குத்தான். பருமணலுக்கு இந்த விதியைப் போட்டுவிடாதீர்கள், விடை தாறுமாறாக வரும்.

ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு இவற்றில் எதில் போகும்? (திருவான்மியூர்)

இரண்டிலும் போகாது. கரைந்தது படியாது, மணலிலும் நிற்காது. ஆர்.ஓ. வேண்டும்.

காபி ஃபில்டர் எந்தக் கட்சி? (மயிலாப்பூர்)

முதலில் வடிகட்டல், அப்புறம் படிதல். துளைக்குத் தப்பிய பொடி டிகாக்‌ஷனின் அடியில் இறங்கிக் கிடக்கும். கலக்காமல் மேலாகச் சாய்த்து ஊற்றுங்கள், கடைசி ஒரு கரண்டியைக் கீழே கொட்டிவிடலாம்.