நோர்வேயில் குடியுரிமை இல்லாமலே வாக்கு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் நோர்வேக்கு வந்தது 1987 இல். 1991 செப்டம்பரில், கையில் இலங்கைக் கடவுச்சீட்டோடு, பின்மார்க்கில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் என் முதல் வாக்கைப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வோர் உள்ளூராட்சித் தேர்தலுக்கும் நம் ஆட்களுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்த தேர்தல் 2027 செப்டம்பரில். இப்போதே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன.

சார், நான் சென்னை. ஒஸ்லோவில் ஐடி வேலை, வந்து நாலு வருஷம் ஆகுது. இந்தியன் பாஸ்போர்ட்தான். எனக்கு ஓட்டு இருக்கா? போட்டா இந்தியக் குடியுரிமைக்கு ஏதாவது சிக்கல் வருமா?

இருக்கிறது தம்பி. தேர்தல் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் நோர்வே மக்கள் பதிவேட்டில் இங்கு வசிப்பவராக நீங்கள் பதிவாகியிருக்க வேண்டும். தேர்தல் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 18 வயது நிறைய வேண்டும். இவ்வளவுதான். விண்ணப்பம் எதுவும் போடத் தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடும்.

குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. வேறு நாட்டின் குடியுரிமையை நீங்களாக விரும்பி எடுத்தால்தான் இந்தியக் குடியுரிமை போகும். நகரசபைக்கு வாக்களிப்பது குடியுரிமை எடுப்பது ஆகாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2010 இல் சட்டம் திருத்தி வாக்குரிமை கொடுத்தார்கள். ஆனால் ஊருக்கு நேரில் போய், சொந்தத் தொகுதிச் சாவடியில்தான் போட வேண்டும். இங்கே பாராளுமன்றத் தேர்தல் நோர்வே குடிமக்களுக்கு மட்டும். ஆக, விமானம் ஏறாமல் நீங்கள் போடக்கூடிய வாக்கு இது ஒன்றுதான். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அண்ணா, இடையில் ஒரு வருஷம் யாழ்ப்பாணம் போய் அம்மாவோடு இருந்துவிட்டு வந்தேன். அந்த மூன்று வருஷக் கணக்கு என்ன ஆகும்?

போகும்போது வெளிநாடு செல்வதாகப் பதிவு செய்திருப்பீர்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கப் போவதென்றால் அறிவித்தாக வேண்டும். அப்படியென்றால் கணக்கு திரும்பி வந்த நாளிலிருந்துதான். விடுமுறைக்கு ஆறு கிழமை போய்வந்தால் கணக்கு உடையாது. சுவீடன், டென்மார்க் போன்ற நோர்டிக் நாட்டுக் குடிமக்களுக்கு இந்த மூன்று ஆண்டு நிபந்தனையே கிடையாது.

கொம்யூன் (உள்ளூராட்சி சபை) தேர்தல் என்றால் ரோட்டும் குப்பையும்தானே? பெரிய விசயமெல்லாம் பாராளுமன்றத்தில்தானே முடிவாகிறது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன். உங்கள் பிள்ளை போகும் முன்பள்ளி கொம்யூனின் பொறுப்பு. பத்தாம் வகுப்பு வரையான பள்ளிக்கூடமும், பள்ளி முடிந்து பின்னேரம் பிள்ளையை விடும் இடமும் அப்படியே. அப்பா அம்மாவுக்கு வயது போனால் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர், பராமரிப்பு இல்லத்தில் ஓர் இடம், குடிதண்ணீர், காலையில் வாசல் தெருவில் பனி தள்ளும் வண்டி, எல்லாம் கொம்யூன். நம் வீட்டுக்குள் வந்து போகும் அரசாங்கம் இது.

காசுக் கணக்கும் சொல்கிறேன். வீட்டுக்குச் சொத்து வரி போடுவதா வேண்டாமா என்பதைக் கொம்யூன்தான் தீர்மானிக்கிறது. ஒஸ்லோவில் 2015 தேர்தலில் நகர ஆட்சி மாறியது, 2016 இல் சொத்து வரி வந்தது. அதை ஆதரித்தவர்களும் தமிழர்களில் இருந்தார்கள், திட்டியவர்களும் இருந்தார்கள். திட்டியவர்களில் எத்தனையோ பேர் வாக்குப் போடவே போகவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

உயர்தரப் பள்ளியும் பேருந்தும் மாகாண சபையின் கீழ் வரும். அதற்கும் அதே நாளில், இன்னொரு சீட்டில் வாக்களிக்கலாம். ஒஸ்லோ மட்டும் தானே கொம்யூனும் மாகாணமும். அங்கே இரண்டாவது சீட்டு உங்கள் பகுதிச் சபைக்கு.

தம்பி, எனக்கு நோர்வே பாசை வராது. மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகலாமா?

வாக்களிக்கும் திரை மறைப்பு வரை வரலாம் அம்மா. பாசை தெரியாது என்பதற்காக மகன் திரைக்குள் வர விடமாட்டார்கள். வீட்டு ஆட்கள் இன்னாருக்குப் போடு என்று நெருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. உதவி கேட்டால் தேர்தல் அலுவலர் வருவார், அவர் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது. உடல் இயலாமை உள்ளவர்கள் தங்களுக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்குக் கேட்கலாம். நடக்கவே முடியாதவர்கள் கொம்யூனுக்கு முன்கூட்டியே சொன்னால் வீட்டுக்கே பெட்டியோடு வருவார்கள்.

வேலை கடினம் இல்லை. திரைக்குள் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும். உங்களுக்குப் பிடித்த கட்சியின் பெயரை வீட்டில் ஒரு துண்டில் எழுதி, எழுத்துகளைப் பார்த்துப் பழகிக்கொண்டு வாருங்கள். அதே பெயருள்ள சீட்டை எடுத்து, எழுத்து உள்பக்கம் மறையும்படி மடியுங்கள். வெளியே வந்து மடித்த முதுகில் முத்திரை குத்தச் சொல்லுங்கள், பிறகு பெட்டியில் போடுங்கள். முத்திரை இல்லாத சீட்டு எண்ணிக்கையில் சேராது. அடையாள அட்டை ஏதாவது ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள், கடவுச்சீட்டும் சரி.

1991 இல் வேலை முடிந்து, கையில் மீன் வாடையோடு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனேன். பட்டியலில் என் பெயரைத் தேடிய கிழவி விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தா. பிழையாகத்தான் வாசித்தா, ஆனால் முழுப்பெயரையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தா. ஊரில் என் அப்பாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தும் போய்ப் போட முடியாமல் இருந்த காலம் அது. வெளியே வந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊரில் ஒரு தமிழ்ப் பிள்ளை பட்டியலில் கீழே நிற்கிறாள். கட்சிக்குப் போட்டால் அவளுக்குப் போய்ச் சேருமா?

தானாகச் சேராது. அவள் பெயருக்கு அருகில் உள்ள பெட்டியில் புள்ளடி (×) போடுங்கள். அது அவளுக்கான தனிவாக்கு. விரும்பினால் பல பெயர்களுக்கும் போடலாம். கட்சி எத்தனை இடம் வென்றது என்பது சீட்டுகளின் எண்ணிக்கையில் முடிவாகும், அந்த இடங்களில் யார் உட்காருவது என்பதில் தனிவாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னக் கொம்யூனில் நாற்பது ஐம்பது புள்ளடி ஓர் ஆளை மேலே தூக்கிவிடும். நம் தமிழ்ப் பெண் கம்சாஜினி குணரத்தினம் 2007 இல் 19 வயதில் ஒஸ்லோ மாநகரசபைக்குத் தெரிவானார், 2015 இல் துணை மேயர், 2021 இல் பாராளுமன்றம். அவரும் தொடங்கியது உள்ளூராட்சியில்தான்.

குடியுரிமை இல்லாத நான் வேட்பாளராக நிற்கலாமா?

நிற்கலாம். வாக்குரிமை இருந்து, அந்தக் கொம்யூனில் வசிப்பவராகப் பதிவும் இருந்தால் போதும். தெரிவானால் சபைக் கூட்டத்துக்குப் போக வேலையில் விடுப்புக் கேட்கவும் சட்டத்தில் உரிமை உண்டு.

நான் பாரிசில் இருக்கிறேன். இருபது வருஷமாக வரி கட்டுகிறேன், எனக்கு ஒன்றுமில்லையே. நோர்வேக்காரர் மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்?

நோர்டிக் நாடுகளில் சுவீடன்தான் 1976 இல் தொடங்கிவைத்தது. நோர்வே முதலில் நோர்டிக் நாட்டவருக்குக் கொடுத்து, 1983 இல் எல்லா வெளிநாட்டவருக்கும் திறந்தது. தமிழர்கள் பெருந்தொகையாக வந்தது அதற்குப் பிறகுதான், ஆகவே நாங்கள் போராடி வாங்கியது என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு முன்னால் வந்து உழைத்தவர்களால் கிடைத்தது.

பிரான்சில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது 1981 இல் மித்தரான் வாக்குறுதி கொடுத்தார், 2012 இல் பிரான்சுவா ஒலாந்தும் கொடுத்தார். நடக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும் நகரசபை வாக்கு உண்டு. ஜெர்மனியிலும் அதே நிலைதான். அங்கே இரண்டு மாநிலங்கள் 1989 இல் கொடுக்கப் பார்த்தன, 1990 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. லண்டன் உறவினர்களைப் பார்த்தீர்களா? இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு இருந்தாலும், அங்கே முறையாக வசித்தால், பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் பாராளுமன்றத்துக்கே வாக்களிக்கலாம். ஒரே குடும்பத்தில் அக்காவுக்கு ஒரு விதி, தங்கைக்கு ஒரு விதி. இருபது வருஷம் வரி கட்டியவரைக் கேட்காமல் அவர் தெருவுக்கு முடிவெடுப்பது நியாயம் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஜூலையில் பேர்கனிலிருந்து ஸ்தவாங்கருக்கு வீடு மாறினால் எங்கே போடுவது?

ஜூன் 30 அன்று எந்த முகவரியில் பதிவாகியிருந்தீர்களோ அந்தக் கொம்யூனுக்குத்தான் உங்கள் வாக்கு, அதாவது பேர்கன். அதற்காகப் பேர்கன் போக வேண்டாம். ஆகஸ்ட் 10 இலிருந்து தேர்தலுக்கு முந்தைய வெள்ளி வரை எந்தக் கொம்யூனிலும் முன்கூட்டியே போடலாம். சீட்டைத் தபாலில் அனுப்பிவைப்பார்கள். அது போய்ச் சேர நாள் வேண்டும், ஆகையால் கடைசிக் கிழமைக்கு வைக்காமல் ஆகஸ்ட் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.