எந்த நாய்?

*வணக்கம் அக்கா. ரெண்டு வருஷமா உங்களை வாசிக்கறேன், பேர் போட வேண்டாம். மெயில் எழுதறப்ப எங்க 'எ' போடறது, எங்க 'தி' போடறதுன்னு தெரியாம முழிக்கறேன். பேசறப்ப 'ஹீ'யும் 'ஷீ'யும் மாறிப் போயிடுது. போன வாரம் மீட்டிங்ல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் திருத்தினார், கூனிக்குறுகிப் போயிட்டேன். தமிழ்ல ஆர்ட்டிகிளே கிடையாதே, அப்புறம் நமக்கு எப்படி வரும்? ஈஸியா நாலு ரூல் சொல்லுங்க, நல்ல கிராமர் புக் ஒண்ணு சொல்லுங்க. அப்புறம் ஒரே ஒரு ஆளைச் சொல்றதுக்கு 'தே' போடறாங்களே, அது தப்புதானே? ப்ளீஸ் கிவ் மீ அன் அட்வைஸ்.*

அன்புள்ள தம்பிக்கு,

உங்க கடிதம் மூணு நாளா மனசுல சுத்திட்டே இருக்கு. ரூல் கேட்டதுக்காக இல்ல, ரூல் நெட்ல கொட்டிக் கிடக்கு. நடுவுல போற போக்குல "தமிழ்ல ஆர்ட்டிகிளே கிடையாதே"ன்னு ஒண்ணு எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். இதை டீச்சருங்க சொல்லிக் கேட்டிருக்கேன், கோச்சிங் எடுக்கறவங்க சொல்லிக் கேட்டிருக்கேன், சின்ன வயசுல நானே பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். அதனால இப்ப திட்டப் போறதுல பாதி எனக்கு.

சின்னச் சின்னதை முதல்ல முடிச்சிடறேன். மீட்டிங்ல திருத்தினவரை விட்டுத் தள்ளுங்க. நீங்க சொன்னது புரிஞ்சதாலதானே அவரால திருத்த முடிஞ்சுது. 'தே' தப்பே இல்ல, 14ஆம் நூற்றாண்டுலேர்ந்தே ஒத்தை ஆளுக்கு அதை எழுதியிருக்காங்க. அதுவும் தமிழ் பேசறவர் இதைக் கேக்கலாமா? "மேனேஜர் வந்தாங்க"ன்னு ஒரே ஒரு மேனேஜரைத்தானே பன்மையில சொல்றீங்க. 'யூ'வும் அதே கதைதான், ஒரு காலத்துல அது 'நீங்க', 'நீ'க்கு 'தௌ'ன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, மரியாதை மரியாதைன்னு எல்லாரையும் நீங்க போட்டுக் கூப்பிட்டு கடைசில 'நீ'யைத் தொலைச்சுட்டாங்க.

ஹீ-ஷீ குழப்பத்துக்கும் காரணம் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஆபீஸ் தமிழ்ல ஆணும் 'அவங்க', பொண்ணும் 'அவங்க', வினையும் 'வந்தாங்க' 'சொன்னாங்க'. நாள் பூரா ஆணா பெண்ணான்னு பிரிக்காமலே பேசிட்டு இங்கிலீஷுக்குத் தாவறப்ப சட்டுன்னு பிரிக்கணும்னா, நாக்குல எது முதல்ல வருதோ அது விழுந்துடும். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ஆளோட முகத்தை ஒரு தடவை மனசுல கொண்டு வாங்க, குறையும்.

இப்ப நம்ம விஷயம். "புத்தகம் வாங்கிட்டேன்." "புத்தகத்தை வாங்கிட்டேன்." ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க. முதல்ல சொன்னதை ரோட்ல போற யார்கிட்டயும் சொல்லலாம், "அப்படியா, என்ன புத்தகம்?"னு கேப்பாங்க. ரெண்டாவதை ஏற்கெனவே அந்தப் புத்தகத்தைப் பத்தித் தெரிஞ்சவர்கிட்டதான் சொல்ல முடியும், நீங்க ரொம்ப நாளா தேடிட்டு இருந்தது, அவரும் உங்க கூட சேர்ந்து தேடினது. தெரியாதவர்கிட்ட போய் "புத்தகத்தை வாங்கிட்டேன்"னா "எந்தப் புத்தகத்தை?"ன்னு உங்களை மேலயும் கீழயும் பார்ப்பார். அந்த ரெண்டாம் வேற்றுமை 'ஐ' இருக்கே, அது பாக்கற வேலைதான் 'தி' பாக்கற வேலை. மூணு வயசுக் குழந்தை இதுல தப்பு பண்ணாது. நீங்களும் பண்ணதில்ல. அப்புறம் என்ன 'ஆர்ட்டிகிளே கிடையாதே'?

இன்னொண்ணு சொல்றேன். "மேஜை மேல புத்தகம் இருக்கு." "புத்தகம் மேஜை மேல இருக்கு." அதே நாலு வார்த்தை, இடம் மட்டும் மாறியிருக்கு. முதல்ல இருக்கறது ஏதோ ஒரு புத்தகம், இங்கிலீஷ்ல 'எ புக்'. அடுத்தது நாம பேசிட்டு இருக்கற அதே புத்தகம், 'தி புக்'. யாராவது உங்களுக்கு இதை உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தாங்களா? இல்ல. ஆனா தப்பாம பண்றீங்க. (மனுஷங்களுக்கு 'ஐ' கணக்கு செல்லாது, 'ஒரு பையனைப் பார்த்தேன்'னு தெரியாத பையனுக்கும் ஐ போட்டுத்தான் ஆகணும், அதனால அஃறிணையை வச்சே யோசிங்க. சண்டைக்கு வர்ற இலக்கண வாத்தியார்களுக்காக இதைச் சொல்லி வைக்கறேன்.)

நாம வேற்றுமை உருபுலயும் வார்த்தை வரிசையிலயும் 'அந்த' 'ஒரு'லயும் பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கற வேலையை இங்கிலீஷ் ரெண்டு குட்டி வார்த்தை தலையில ஏத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். அந்த மொழியிலேயே அதிகமா புழங்கற வார்த்தை 'தி'தான், இத்தனை வேலை அதுக்கு இருக்கறப்ப வேற எப்படி இருக்கும். லத்தீன்ல ஆர்ட்டிகிள் கிடையாது, ரஷ்யன்ல இன்னிக்கும் கிடையாது, அவங்கெல்லாம் எந்த நாய் கடிச்சுதுன்னு புரியாமலா வாழ்ந்தாங்க? 'தி' பிறந்ததே 'அந்த' மாதிரி ஒரு சுட்டுச் சொல்லுலேர்ந்துதான். 'அன்' பிறந்தது 'ஒண்ணு'லேர்ந்து. அதாவது முதல்ல இருந்தது 'அன்'தான், மெய்யெழுத்துக்கு முன்னாடி அதோட வால் உதிர்ந்து 'எ' ஆச்சு. ஸ்கூல்ல தலைகீழா சொல்லிக் கொடுக்கறாங்க. நம்ம 'ஓர் ஆள்', 'ஒரு மரம்' ஞாபகம் வருதா? உயிருக்கு முன்னாடி ஒண்ணு, மெய்க்கு முன்னாடி ஒண்ணு. எங்கேயோ இருக்கற ரெண்டு மொழி, ஒரே மாதிரி யோசிச்சிருக்கு.

அந்த எ-அன் விஷயத்துல தமிழ் எழுத்து தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறுக்கு வழியே இருக்கு. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பாக்காதீங்க, காதுல விழறதைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. மணி நேரத்துக்குச் சொல்ற இங்கிலீஷ் 'அவர்'னா உயிர், 'அன் அவர்'. 'யூனிவர்சிட்டி'ன்னா 'யூ', மெய் ஏறின எழுத்து, அதனால 'எ யூனிவர்சிட்டி'. 'எம்.பி.ஏ.' உயிர்ல ஆரம்பிக்குது, 'அன்'. 'ஒன்-வே'ல மட்டும் ஏமாந்துடாதீங்க, எழுதறது 'ஒ'னாலும் வாயில வர்றது 'வ', அதனால 'எ'. இந்த 'அன்'னோட வால் எங்க ஒட்டுதுன்னு அவங்களே குழம்பின கதையும் உண்டு, 'எ நேப்ரன்'னு இருந்தது காதுல 'அன் ஏப்ரன்'னு விழுந்து அந்த 'ந' எழுத்தே போயிடுச்சு, 'அன் ஈக்நேம்' பக்கத்து 'ன்' எழுத்தைப் பிடிச்சு இழுத்து 'நிக்நேம்' ஆயிடுச்சு. அவங்க ஊரே சேர்ந்து தப்பு பண்ணினா அது மொழி வரலாறு, நீங்க பண்ணினா மீட்டிங்ல அவமானம்!

எனக்கும் ஒரு 'எ' இருக்கு தம்பி, தொண்டையில முள்ளு மாதிரி. இருபத்திமூணு வயசுல ஒரு கம்பெனில மொழிபெயர்ப்பு வேலை. தமிழ்ல வர்ற கடிதங்களைப் படிச்சு மேலிடத்துக்கு இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதணும். ஒரு மெஷின் சரியா ஓடலன்னு ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தாங்க. நான் 'சில புகார்கள் வந்துள்ளன'ன்னு மனசுல சொல்லிக்கிட்டு 'வீ ஹேவ் ரிசீவ்டு ஃப்யூ கம்ப்ளெயின்ட்ஸ்'னு எழுதி அனுப்பிட்டேன். 'எ ஃப்யூ'ன்னா சில. வெறும் 'ஃப்யூ'ன்னா புகார்னு பெருசா ஒண்ணும் வரல, கவலைப்படாதீங்கன்னு அர்த்தம். மேல படிச்சவங்க சந்தோஷமா ஃபைலை மூடிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு எழுதினவங்கள்ல ஒருத்தர் நேர்லயே வந்து என் மேஜை முன்னாடி நின்னார், கையில அந்தக் கடிதத்தோட நகல், மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சிருந்துச்சு. கத்தல. "யாராவது படிச்சீங்களாம்மா?"ன்னு மட்டும் கேட்டார்.

எங்க செக்‌ஷன்ல வயசான ப்ரூஃப் ரீடர் ஒருத்தர் இருந்தார், காதுல எப்பவும் பென்சில். கடிதத்தோட வந்தவர் போனதும் இவர் என் சுருக்கத்தை எடுத்தார், 'ரிசீவ்டு'க்கும் 'ஃப்யூ'க்கும் நடுவுல இருக்கற இடைவெளில பொட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். "இங்க ஒரு எழுத்து இருந்திருந்தா அவரு இன்னிக்கு பஸ் ஏறியிருக்க வேண்டாம்"னார். அதுக்கப்புறம் நான் எழுதினது எதையும் அவர் திருத்தல. ஆர்ட்டிகிள் விட்ட இடத்துல வட்டம், ஓரத்துல பென்சில்ல 'எந்த?'ன்னு ஒரே ஒரு கேள்வி. ஒரு பக்கத்துல பதினாலு 'எந்த?' வாங்கியிருக்கேன். அழுகையா வரும். ஆறு மாசத்துல அவர் கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குள்ள அந்தக் குரல் கேக்க ஆரம்பிச்சுடுச்சு.

அந்த வட்டம் பெரிய பெரிய ஆளுங்களுக்கும் விழுந்திருக்கு. 1969ல நிலாவுல கால் வச்ச ஆம்ஸ்ட்ராங் சொன்னது ரேடியோல 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்'னுதான் கேட்டுச்சு. 'எ' இல்லாத 'மேன்'னா மொத்த மனுஷ குலம், அப்புறம் 'மேன்கைண்ட்'னு அடுத்து வர்றதும் அதேதான், மனுஷ குலத்துக்குச் சின்ன அடி, மனுஷ குலத்துக்குப் பெரிய பாய்ச்சல், என்ன அர்த்தம்? சொல்ல நினைச்சது 'ஃபார் எ மேன்'தான்னு அவர் பின்னாடி சொன்னார். 1967 நவம்பர்ல ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் போட்ட 242ஆம் தீர்மானம், இஸ்ரேல் படை பிடிச்ச பகுதிகள்லேர்ந்து விலகணும்னு சொல்ற வரில 'டெரிட்டரீஸ்'க்கு முன்னாடி 'தி' இல்ல. எல்லாப் பகுதியும்னு அர்த்தமா, சிலதிலேர்ந்து விலகினா போதுமான்னு இன்னிக்கு வரைக்கும் வாதம் ஓடுது. பிரெஞ்சுப் பிரதில ஆர்ட்டிகிள் இருக்கு, அதனால இன்னும் சிக்கல்.

இப்ப ரூலுக்கு வருவோம்னு பாத்தா அங்கயும் கோபம்தான் வருது. 'ஐ சா டேஷ் டாக்', கோடிட்ட இடத்தை நிரப்புக. என்னத்தை நிரப்பறது? எந்த நாய்? கேக்கறவருக்கு அந்த நாயைத் தெரியுமா தெரியாதா? அது தெரியாம 'எ'வும் சரி, 'தி'யும் சரி. முந்தின வாக்கியத்தை வெட்டி எறிஞ்சுட்டு ஒத்தை வாக்கியத்தைக் கையில கொடுத்து நிரப்புன்னா, நிரப்பறவன் மனப்பாடம்தானே பண்ணுவான். இப்படிப் பன்னெண்டு வருஷம் நிரப்பினவர்தான் நீங்க. எதிர்ல இருக்கறவர் 'எந்த?'ன்னு கேப்பாரான்னு பாருங்க. கேக்க வாய்ப்பிருந்தா 'எ', கேக்கவே தேவையில்லன்னா 'தி'. 'சூரியன்'னா எந்தச் சூரியன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதனால 'தி சன்'. நதிகளுக்கு 'தி' உண்டு, ஒத்தை மலைக்குக் கிடையாது, மலைத்தொடருக்கு உண்டு, இதுக்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க, பழகிக்கங்க.

ப்ரோநவுனுக்கும் இதே வைத்தியம், 'எந்த?'க்கு பதில் 'யாரு?'. அங்க தமிழ் நம்மளைக் கெடுத்து வச்சிருக்கு, நல்ல விதமா. "ரவி முரளிகிட்ட தன் புக்கைக் கொடுத்தான்"னா புக் ரவியோடது, சந்தேகமே இல்ல. இங்கிலீஷ்ல 'ஹிஸ் புக்', ரவியோடதா முரளியோடதா கடவுளுக்குத்தான் தெரியும். 'தன்' இருக்கற மொழில வளர்ந்ததால நாம 'ஹிஸ்'ஸை நம்பி விட்டுடறோம், அங்க பேரையே திருப்பிப் போடுங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. 'வீ'யும் அப்படித்தான். நாமளா, நாங்களா? 'வீ வில் டிசைட்'னு எழுதறீங்க, படிக்கறவர் தன்னையும் சேர்த்துதான்னு நினைச்சுக் காத்துட்டு இருப்பார், நீங்க இங்க முடிவு பண்ணி அனுப்பிடுவீங்க. இதுல சண்டையான ஆபீஸ் எத்தனையோ.

கிராமர் புக் கேட்டிருந்தீங்க. சொல்லப் போறதில்ல, வாங்கி அலமாரில வைப்பீங்க. நீங்களே எழுதின பழைய மெயில் பத்து எடுத்து பிரிண்ட் போடுங்க, ஒரு பென்சில் எடுத்துக்கங்க.

கடைசி வரில 'அன் அட்வைஸ்'னு எழுதியிருக்கீங்க. உயிருக்கு முன்னாடி சரியா 'அன்' போட்டதைப் பாத்ததும் சிரிச்சுட்டேன், காது நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் எல்லாம் இங்கிலீஷ்ல எண்ண முடியாத சரக்கு, ஒண்ணு ரெண்டுன்னு கேக்கக் கூடாது. 'சம் அட்வைஸ்'. நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் எவ்வளவு கொட்டிட்டேன் பாருங்க.

அன்புடன்,
அக்கா