பூமிக்கடியில் 38,000 டாலரைப் புதைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் (புரொப்பேன் வாயுவில் ஓடுவது) ஓய்ந்துவிட்டது. வருடத்துக்கு 1,000 காலன் குடிக்கும்; காலன் 2.50 டாலர். மின்சாரம் யூனிட் 19 சென்ட். மண்ணின் சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஜியோதெர்மல் போட 38,000 டாலர் கேட்கிறார்கள், 30 சதவீதம் வரிச்சலுகை உண்டு என்கிறார்கள். புது ஃபர்னஸும் ஏசியும் 15,000-க்கு முடியும். மீதி 23,000-க்கு வீட்டின் மேல் 8 சதவீத வட்டியில் கடன் வாங்கலாமா? கோவையில் அப்பா கட்டும் வீட்டுக்கும் இது சரிவருமா?

பதில்: அந்த 30 சதவீதத்தை முதலில் மறந்துவிடுங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், வீட்டு உரிமையாளருக்கான அந்த மத்திய வரிச்சலுகையை 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. உங்கள் கணக்கில் அது 11,400 டாலர். இன்னும் பழைய நோட்டீஸையே நீட்டுகிற கான்ட்ராக்டரிடம் மற்ற கணக்குகளையும் இரண்டு முறை கேட்பது நல்லது.

பெயரைக் கேட்டு வெந்நீர் ஊற்று, எரிமலை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதே, அதே வேலைதான். வெளியே மைனஸ் 15 டிகிரி இருந்தாலும், உங்கள் ஊரில் சில மீட்டர் ஆழத்து மண் வருடம் முழுக்க 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். போர் போட்டு இறக்கிய பிளாஸ்டிக் குழாயில் உறையாத திரவம் சுற்றி அந்தச் சூட்டை எடுத்து வரும். ஹீட் பம்ப் என்கிற மெஷின் அதை அழுத்தி வீட்டுக்குள் விடும். கோடையில் திசை மாறி, வீட்டுச் சூடு மண்ணுக்குப் போகும். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், 1 யூனிட் மின்சாரத்துக்கு சுமார் மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும்.

இனி பணம். இங்கே பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள்: பழைய ஃபர்னஸின் பில்லோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது புது ஃபர்னஸின் பில்லோடு. பழையது 80 சதவீதத் திறன், புதியது 95 என்று வைத்தால் 1,000 காலன் 840 ஆகும். செலவு 2,100 டாலர். அதே வெப்பத்துக்கு ஜியோதெர்மல் 6,100 யூனிட் சொச்சம் எடுக்கும், அதாவது 1,165 டாலர். மிச்சம் 935. ஏசியிலும் சுடுதண்ணீரிலும் கொஞ்சம் மிச்சமாகும். தாராளமாக வருடம் 1,200 என்றே போடுவோம். நீங்கள் வாங்க நினைக்கும் கடனுக்கு முதல் வருட வட்டி மட்டுமே 1,840. மிச்சம் பிடித்த பணம் வட்டிக்கே போதாது. வேண்டாம்.

கைப்பணம் என்றாலும் போட்டதை எடுக்க 19 வருடம் ஆகும். மண்ணுக்குள் இருக்கும் குழாய் 50 வருடம் தாங்கும். வீட்டுக்குள் இருக்கும் மெஷினுக்கு ஆயுள் 20, 25 வருடம்தான். வரிச்சலுகை இருந்த காலத்தில் 10 வருடத்துக்குள் முடிந்திருக்கும், அப்போது நானே போடச் சொல்லியிருப்பேன். புரொப்பேன் 4 டாலருக்கு ஏறி அங்கேயே நின்றால் கணக்கு புரளும், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்க முடியாது. குழாய் எரிவாயு உள்ள வீடாக இருந்தால் இவ்வளவு தூரம் பேசியிருக்கவே மாட்டேன்.

கையெழுத்துப் போடும் முன், மண்ணுக்குப் பதில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும், கடுங்குளிருக்கென்று செய்த காற்றுவழி ஹீட் பம்புக்கு ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். போர் செலவு கிடையாது. ரொம்பக் குளிரும் நாட்களுக்குச் சின்ன புரொப்பேன் ஃபர்னஸைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மாநில அரசோ மின் நிறுவனமோ தள்ளுபடி தருகிறதா என்பதையும் அவர்களிடமே நேரில் விசாரியுங்கள், விற்கிறவரிடம் அல்ல.

கோவை வீட்டை இதில் சேர்க்காதீர்கள். அங்கே மண்ணே 25 டிகிரிக்கு மேல். கோடையில் உள்ளே தள்ளிய சூட்டைத் திருப்பி எடுக்க அங்கே குளிர்காலமும் கிடையாது. அப்பாவிடம் மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் போடச் சொல்லுங்கள்.