கூட வந்தவர் எங்கே படுப்பார்?

கேள்வி: எங்கள் தெருமுனையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வந்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. கேட்டை மறித்துக் கார் நிற்கிறது. ராத்திரியானால் யார் யாரோ திண்ணையில் படுக்கிறார்கள், விடிந்தால் எங்கள் குழாயில் பல் துலக்குகிறார்கள். தெருவுக்கு கேட் போட்டு இரவில் பூட்டுவதென்று குடியிருப்போர் சங்கத்தில் பேசியிருக்கிறோம். இதில் என்ன தப்பு?
- வாசகி ஒருவர், கோவை

பதில்: தப்புதாங்க. உங்கள் தொல்லை உண்மை. ஆனால் பூட்டு தப்பான ஆளின் முகத்தில் விழப்போகிறது. மாநகராட்சித் தெருவைப் பூட்டச் சங்கத்துக்கு அதிகாரமும் கிடையாது.

உங்கள் திண்ணையில் படுப்பவர் யாரென்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். வால்பாறையிலிருந்தோ தாளவாடியிலிருந்தோ வந்தவராக இருப்பார். உள்ளே ஐசியுவில் அவர் வீட்டுக்காரி கிடப்பார். கையில் இருப்பது ஒரே ஒரு அட்டெண்டர் பாஸ். அவரும் அவர் தங்கையும் அதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள், பாஸ் இல்லாதவர் தெருவுக்கு வருகிறார். வயர் கூடையில் பிளாஸ்க், ஒரு போர்வை, ஸ்கேன் படம் வைத்த பெரிய கவர். மடியில் செல்போன். உள்ளேயிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதால் கண் மூடினாலும் அவருக்குத் தூக்கமில்லை. "அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குங்களா?" என்று கேட்பதற்கே அவர் எவ்வளவு கூசியிருப்பார்!

அவரை ஊருக்குப் போய்விட்டுக் காலையில் வரச் சொல்லவும் முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறவே 40 கொண்டை ஊசி வளைவுகள். அவர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வேலை ஓடாது. பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். எத்தனை இடத்தில் அப்படி இருக்கிறது என்பதை வார்டில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும். மருந்து வாங்குவது, ரத்தத்துக்கு ஆள் தேடுவது, ரிப்போர்ட் வாங்க ஓடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் கூட வந்தவர் தலையில்தான். அந்த உழைப்பை வாங்கிக்கொண்டு, படுக்க ஆறடி இடம் தராமல் வெளியே அனுப்புகிறது ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பக்கத்துத் தெரு லாட்ஜ் வாடகை அதில் வராது.

நம் ஊர் மில் முதலாளிகள் பலர் மில்லோடு சேர்த்துத் தொழிலாளிக்கு லைன் வீடும் கட்டினார்கள். ஷிப்டுக்கு ஆள் வேண்டுமென்றால் ஆளுக்குக் கூரை வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்று அந்த மில்கள் இருந்த அவிநாசி சாலையில் வரிசையாக ஆஸ்பத்திரிகள். கட்டில் எத்தனை, ஆபரேஷன் தியேட்டர் எத்தனை என்று விளம்பரம் செய்கிறார்கள். கூட வருபவர் எங்கே குளிப்பார் என்று எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தெருவில் முன் அறையை மருந்துக் கடைக்கும், மாடியை நாள் வாடகைக்கும் விட்டிருப்பவர்கள் யார்? ஆஸ்பத்திரி வந்ததால் ஏறிய வாடகையை வாங்கிக்கொள்கிற தெரு, அதே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை விரட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கார் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அனுமதி பெற்ற வரைபடத்தில் வாகன நிறுத்தத்துக்கு எவ்வளவு இடம் காட்டியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். காட்டிய இடத்தில் இப்போது ஸ்கேன் அறையோ கேன்டீனோ இருந்தால் விடாதீர்கள். ஹாரனுக்கும் விதி உண்டு: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. அந்த விதி உங்கள் தெருவுக்கும் பொருந்தும், கோயில் திருவிழா ஒலிபெருக்கி, பட்டாசு உட்பட. மருத்துவக் கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

கேட் தீர்மானத்தைக் கைவிட்டு, வேறொன்று போடுங்கள். ஒவ்வொரு அட்டெண்டர் பாஸுக்கும் வளாகத்துக்குள் ஒரு படுக்கை, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குளியலறை, ராத்திரி முழுக்க வெந்நீர். நிர்வாகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்று நமக்கு அனுப்பினால், அவர்கள் தரும் பதிலோடு இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.