பொட்டாஷ் போட்டால் ஆப்பிளில் இனிப்பு ஏறுமா, புளிப்பு குறையுமா?

இனிப்பு ஏறலாம். புளிப்பு குறையாது, பெரும்பாலும் கூடத்தான் செய்யும். பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உரம், என்றாலே இனிப்பு என்ற பேச்சு ஆப்பிளுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும்.

இலையில் தயாராகும் சர்க்கரையைக் காய்க்கு அனுப்பப் பொட்டாசியம் வேண்டும். பற்றாக்குறையுள்ள மரத்துக்குக் கொடுத்தால் காய் பருக்கும், நிறம் பிடிக்கும், சாற்றின் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸும் ஏறும். போதுமான அளவு ஏற்கெனவே இருந்தால், எவ்வளவு கொட்டினாலும் பிரிக்ஸ் பெரிதாக நகராது. அமிலம் அப்படியல்ல. காயின் செல்லுக்குள் பொட்டாசியம் சேரச் சேர, அதன் மின்சுமையை ஈடுகட்ட, ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலமும் அங்கே சேர்கிறது. அதில் ஒரு பங்கு உப்பாக இருப்பதால் பிஎச் மீட்டர் இதைச் சரியாகக் காட்டாது. காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தை அளக்கும் டைட்ரேஷன் செய்துதான் பார்க்க வேண்டும்: 10 மி.லி. சாறு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, பிஎச் 8.2 வரை. செலவான மி.லி.யை 0.067ஆல் பெருக்கினால் மாலிக் அமிலச் சதவீதம். 6 மி.லி. செலவானால் சுமார் 0.40 சதவீதம்.

அளவுக்கு வருவோம். ஒரு டன் பழம் ஏறக்குறைய 1 கிலோ பொட்டாசியத்தை எடுத்துப் போகிறது. ஹெக்டேருக்கு 30 டன் மகசூல் என்றால் 30 கிலோ. உரமூட்டையில் போடும் K2O கணக்கில் இது சுமார் 36 கிலோ, அதாவது 50 சதவீத K2O உள்ள சல்பேட் ஆஃப் பொட்டாஷில் சுமார் 72 கிலோ. இது பழத்தோடு வெளியேறுவதை ஈடுகட்ட மட்டும்தான். கூட்டுவதா குறைப்பதா என்பதை மண், இலைப் பரிசோதனை சொல்லட்டும். கோடை நடுவில், அந்த ஆண்டுத் தளிர்களின் நடு இலைகளைப் பறித்து அனுப்புங்கள். இலையின் உலர் எடையில் பொட்டாசியம் 1.2 முதல் 1.8 சதவீதம் வரை இருந்தால் போதும். முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகுவது பற்றாக்குறையின் அடையாளம், ஆனால் அது தெரிவதற்குள் அந்தப் பருவத்துக் காய் சிறுத்திருக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) மலிவுதான், குளோரைடு தேங்கும் மண்ணில் மட்டும் வேண்டாம்.

மிகையானால் பொட்டாசியம் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் போட்டி போடும். விளைவு, தோலுக்கடியில் கசப்புக் குழிப் புள்ளிகள். பறிக்கும்போது பழம் பளபளவென்றிருக்கும், பல நேரம் கிடங்கில் வைத்த பிறகே புள்ளிகள் தலைகாட்டும்.

புளிப்பைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் உரமூட்டையை விட்டுவிட்டு அறுவடைத் தேதியைப் பாருங்கள். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, மாலிக் அமிலம் சுவாசத்தில் செலவாகிறது. பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலைத் தடவுங்கள். வெட்டுமுகம் முழுக்கக் கருநீலமானால் இன்னும் பறிக்க நாளாகவில்லை.