மகாஓயா சுடுதண்ணீருக்கு அடியில் எரிமலை இருக்கிறதா?

கேள்வி: செங்கலடி–பதுளை வீதியால் போனபோது மகாஓயா வெந்நீரூற்றில் இறங்கிக் குளித்தோம். அடியில் எரிமலைக் குழம்பு இருப்பதால்தான் இந்தச் சூடு என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். உயர்தரம் படிக்கும் என் மகள் இல்லவே இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி? நிலத்துக்கு அடியில் நடப்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகி, செங்கலடி

பதில்: மகள் சொல்வதுதான் சரி. இலங்கையின் பாறைகள் மிகப் பழையவை, இங்கே உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகக் கிலோமீற்றருக்குச் சராசரியாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு கூடும், அதனால் அந்தத் தண்ணீரும் சூடேறி இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றிலும் இதே கதைதான்.

சரி, இதை எப்படிச் சொல்ல முடிகிறது? மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, உண்மையிலேயே தண்ணீரைச் சூடாக்கும் ஐஸ்லாந்து, நியூசிலாந்து, ஜப்பான் போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் முதலில் பிடிப்பது ஊற்றின் தண்ணீரையும் வாயுவையும்தான். மழைத்தண்ணீரில் ஒட்சிசன், ஐதரசன் சமதானிகள் (ஒரே மூலகத்தின் திணிவு வேறுபட்ட அணுக்கள்) ஓர் ஒழுங்கில் இருக்கும் என்பதை அமெரிக்கப் புவி இரசாயனவியலாளர் ஹார்மன் கிரெய்க் 1961 இல் ஒரு நேர்கோடாகக் காட்டினார். மாக்மாவிலிருந்து வந்த தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு விலகி நிற்கும். ஈலியமும் நல்ல சாட்சி: பழைய பாறையில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈலியம்-4 ஐத்தான் தரும், ஈலியம்-3 கூடுதலாக வந்தால் அது மேன்டிலிலிருந்து (புவியோட்டுக்குக் கீழுள்ள படையிலிருந்து) ஏறி வந்த மாக்மாவின் கை.

என்னை அதிகம் வியக்க வைப்பது குவார்ட்ஸ் கல்தான். அது வளரும்போது சுற்றியிருந்த சூடான நீர்மத்தில் ஒரு துளியை உள்ளே அடைத்துக்கொள்கிறது, கண்ணுக்கே தெரியாத அளவுத் துளி, கோடிக்கணக்கான ஆண்டுகள் போனாலும் அப்படியே இருக்கும். ஆறியதும் துளி சுருங்கி உள்ளே ஒரு குமிழி உண்டாகும். கல்லை மெல்லிய தகடாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சூடாக்குவார்கள், குமிழி மறையும் வெப்பநிலைதான் அந்த நீர்மம் அடைபட்டபோது இருந்த ஆகக்குறைந்த சூடு. அப்புறம் அதையே உறைய வைத்து மெல்ல இளக விடுவார்கள். கடைசிப் பனித்துணுக்கு −6.6 பாகையில் கரைந்தால் அதில் ஏறக்குறைய 10 சதவீதம் உப்பு. சில துளிகளுக்குள் உப்புக் கட்டியே சதுரமாகக் கிடக்கும், அவ்வளவு கரிப்பு. சிலியின் பெரிய செம்புச் சுரங்கங்கள் இப்படியான, மாக்மாவிலிருந்து பிரிந்த நீர்மங்கள் விட்டுப்போன தாதுவில்தான் நிற்கின்றன.

மேலிருந்தபடியே நிலத்தின் மின்தடையை அளந்தும் பார்ப்பார்கள், சூடான உப்புத்தண்ணீரும் அது உருமாற்றிய களிமண்ணும் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். துளையிட்டும் பார்ப்பார்கள். 2009 இல் ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் 4 கிலோமீற்றருக்கு மேல் போகத் திட்டமிட்டுத் துளைத்தபோது, 2.1 கிலோமீற்றரிலேயே துளைகருவி மாக்மாவுக்குள் போய்விட்டது. மேலே வந்தது இறுகிய எரிமலைக் கண்ணாடித் துண்டுகள். பிறகு அந்தக் கிணற்றிலிருந்து 450 பாகை அளவில் நீராவி வந்தது, நம்புவதற்கே கஷ்டமான சூடு.

மகாஓயாவில் ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூட்டில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மகள் ஒரு வெப்பமானியோடு கோடையில் ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை போய் எல்லாக் கிணற்றையும் அளந்து எழுதி வைக்கட்டும். மாரிக்குப் பிறகு எந்தக் கிணற்றில் சூடு குறைகிறதோ, அங்கே புது மழைத்தண்ணீர் மேல்மட்டத்தில் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம்.